‘சரி’ என்று சொல்வதற்கு முன்: ஜெர்மனி செல்லும் மகளின் அப்பாவுக்கு

அன்புள்ள ஐயா,

மகளுக்கு ஸ்டுட்கார்ட்டில் முதுகலைப் படிப்பும், கூடவே ஒரு நிறுவனத்தில் பகுதிநேர வேலையும் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி. “அங்கே முகத்தில் அடித்தாற்போலப் பேசுவார்களாமே, பிள்ளை தாங்குவாளா?” என்று கேட்டிருந்தீர்கள். தாங்குவாள். ஆனால் ஒரு பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

புரியாவிட்டாலும் ‘சரி சார்’ என்று தலையாட்டுவோமே, அதுதான். பெரியவர்களிடம் மறுத்துப் பேசக்கூடாது என்று வளர்த்துவிட்டோம். அங்கே ‘சரி’ என்றால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். நான் வழிகாட்டிய மாணவர் ஒருவர் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை வேலை பாதியில் நின்றது. மேலாளர் கத்தவில்லை. “செவ்வாயே சொல்லியிருந்தால் கூடுதலாக ஒரு ஆளைப் போட்டிருப்பேனே” என்றாராம். அந்த ஒரு வாக்கியம் பையனை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

அதனால் ‘தாஸ் ஹாபெ இஷ் நிஷ்ட் ஃபெர்ஷ்டான்டன்’ (இது எனக்குப் புரியவில்லை) என்பதைக் கூச்சமில்லாமல் சொல்ல மகள் இப்போதே பழகட்டும். எழுதிக் கொடுத்ததில் பத்துத் தவறைக் காட்டினால் மனம் வாடவும் வேண்டாம். ‘திட்டவில்லை என்றால் அதுவே பாராட்டு’ என்று ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வாபியப் பகுதியில் ஒரு சொலவடையே உண்டு.

‘ஸீ’, ‘டூ’ இரண்டும் நம் ‘நீங்கள்’, ‘நீ’ மாதிரிதான். பல நிறுவனங்களில் இப்போது முதல் நாளே ‘டூ’ வந்துவிடுகிறது. ஆனாலும் மூத்தவர் சொல்லும்வரை ‘ஸீ’யே நல்லது. இன்னொன்று, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் பெயர்தானே இருக்கிறது? ‘ஃப்ராவ்’ (பெண்களைக் குறிக்கும் மரியாதைச் சொல்) என்று சேர்த்து உங்கள் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார்கள். முதலில் திரும்பிப் பார்க்க மறந்துவிடுவாள், சொல்லி வையுங்கள்.

10 மணிக் கூட்டம் என்றால் 9.55க்கு அங்கே இருக்க வேண்டும். பல்கலைக்கழக அட்டவணையில் மட்டும் ‘சி.டி.’ என்று போட்டிருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும், ‘எஸ்.டி.’ என்றால் 10க்கே. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அதுதான் அவர்கள் கைதட்டல், பயப்பட வேண்டாம்.

பிறந்தநாளுக்கு முன்கூட்டி வாழ்த்துவதை அபசகுனமாக நினைப்பார்கள். பிறந்தநாள்காரர்தான் அலுவலகத்துக்குக் கேக் கொண்டுபோவார். பள்ளியில் நம் பிள்ளைகள் மிட்டாய் கொடுப்பார்களே, அதுபோல.

அப்புறம் உங்களுக்கு ஒன்று. இரவு 10 முதல் காலை 6 வரை அங்கே அமைதி நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கக்கூடாது. நீங்கள் விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து போன் செய்தால், குளிர்காலத்தில் அங்கே இரவு 1 மணி. ஞாயிறு மதியம் 3 மணிக்குக் கூப்பிடுங்கள். குளிர்காலத்தில் அங்கே காலை பத்தரை, ஞாயிறு என்பதால் கடைகளும் மூடியிருக்கும். பிள்ளை நிதானமாகப் பேசுவாள்.