வேகனுக்குள் அடைத்தவர்களுக்கு என்ன பெயர்?

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட தமிழர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் பெரிய அப்பாரு பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்து சிங்கப்பூர் போனவர். 1942-இல் ஜப்பானியரிடம் பிடிபட்டார் என்பதோடு சரி, பிறகு ஒரு தகவலும் இல்லை. வீட்டில் மிஞ்சியிருப்பது அவர் அனுப்பிய மணியார்டரின் ஒரு துண்டு மட்டுமே. ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை. தோற்ற நாட்டை யார் வேண்டுமானாலும் ஏசலாம். வென்றவர்கள் கைதிகளை எப்படி நடத்தினார்கள்? கியூபாவில் அமெரிக்கா வைத்திருக்கும் குவாண்டனாமோ சிறை முகாமை, போரில் பிடிபட்டவர்களைக் காக்க எழுதிய எந்த ஜெனீவா ஒப்பந்தம் தடுத்தது? எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானே?

ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனக்குறை நியாயமானது. வென்றவர்களைப் பற்றி எழுத நாம் குவாண்டனாமோ வரை போக வேண்டியதில்லை. நம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவே அந்த ரயில் போனது.

1921 நவம்பர் 19. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்த மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்ட ஏறத்தாழ நூறு பேரை, பெரும்பாலும் மாப்பிளைமார் எனப்படும் மலபார் முஸ்லிம்களை, திரூரில் ஒரு மூடிய வேகனில் ஏற்றிப் பூட்டினார்கள். பெல்லாரிச் சிறைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. மாலையில் புறப்பட்ட ரயில் ஷொர்ணூரில் நின்றது, ஒலவக்கோட்டில் நின்றது. உள்ளிருந்தவர்கள் தண்ணீர் கேட்டுக் கதறினார்கள். யாரும் திறக்கவில்லை. வாளையாறு தாண்டி, நள்ளிரவுக்குப் பின் போத்தனூரில் கதவைத் திறந்தபோது பிணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அன்றும் அடுத்த நாட்களிலுமாக 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆணி கழன்ற ஓட்டையில் மூக்கை வைத்து உயிர் பிழைத்ததாக ஒருவர் பின்னாளில் சொன்னார். காற்று புகவேண்டிய கம்பி வலை பெயின்டாலும் தூசியாலும் அடைபட்டிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. அந்தச் சாவுகளுக்காக எவரும் தண்டனை அனுபவிக்கவில்லை.

பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூருக்கு ரயிலில் போகும்போது வாளையாற்றுக் காட்டுப் பகுதியில் ஜன்னலோரம் காற்று முகத்தில் அறையும். நீங்களும் அறிவீர்கள். அத்தனை காற்றுக்கு நடுவே அவர்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள் என்பதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

போரில் பிடிபட்டவர்களை மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என்று நாடுகள் கூடிப் போருக்கு வகுத்த 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிகளே சொல்லிவிட்டன. பிரிட்டன் அவற்றில் கையெழுத்திட்ட நாடு. ஆனால் மாப்பிளைமார் போர்க்கைதிகள் அல்ல, கலகக்காரர்கள் என்றது அரசு. அதே அரசு கிளர்ச்சித் தலைவர் அலி முஸ்லியார் மீது சுமத்திய குற்றம் என்ன? அரசருக்கு எதிராகப் போர் தொடுத்தல். 1922 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ச் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தூக்கில் போடுவதற்கு அது போர். தண்ணீர் கொடுப்பதற்கு மட்டும் போர் இல்லை.

வல்லரசுகள் சட்டத்தை நேருக்கு நேர் மீறுவதைவிட, கைதிக்கு வேறு பெயர் சூட்டிச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவதே அதிகம். 1945-இல் சரணடைந்த ஜெர்மானியர்களில் பெரும் பகுதியினரை அமெரிக்கர்கள் 'ஆயுதம் களையப்பட்ட எதிரிப் படையினர்' என்றார்கள். போர்க்கைதிக்குத் தரவேண்டிய உணவை அவர்களுக்குத் தரவேண்டியதில்லை என்பதற்காகவே அந்தப் பெயர். ரைன் நதிக்கரையின் திறந்த வெளிகளில் ஆயிரக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் செத்தார்கள். தென்கிழக்கு ஆசியாவில் பிரிட்டிஷார் ஜப்பானியர்களைச் 'சரணடைந்த படையினர்' என்று அழைத்து, போர் முடிந்த பிறகும் 1947 வரை வேலை வாங்கினார்கள். 2002-இல் குவாண்டனாமோவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் 'சட்டவிரோதப் போராளிகள்' ஆனார்கள்.

இதனால் எல்லோரும் ஒன்று என்று நீங்கள் முடிவு கட்டினால் நான் உடன்படமாட்டேன். ஜெர்மனியிடம் பிடிபட்ட ஏறத்தாழ 57 லட்சம் சோவியத் வீரர்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பட்டினி போட்டுக் கொல்வது அங்கே திட்டமாகவே இருந்தது. அதற்கு ஈடாக ரைன் கரையை வைப்பவர்களின் நோக்கத்தை நான் நம்புவதில்லை.

ஏட்டுச் சுரைக்காய் என்கிறீர்கள். 1949-ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களிலும் பொதுவாக உள்ள மூன்றாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் ஆயுத மோதலில் பிடிபட்டவரையும் கொடுமைப்படுத்தக் கூடாது, இழிவுபடுத்தக் கூடாது என்கிறது அது. திரூர் வேகனில் இருந்தவர்களுக்காகவே எழுதியதுபோல் எனக்குத் தோன்றும். காலனிகளை வைத்திருந்த பிரிட்டன் இந்தப் பிரிவை விரும்பவில்லை என்பதில் வியப்பில்லை. 2006-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹம்தான் என்ற குவாண்டனாமோ கைதியின் வழக்கில், இந்தப் பிரிவு அவருக்கும் பொருந்தும் என்று தன் அரசுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அதே ஆண்டில்தான், ஒரு செய்தி நிறுவனம் வழக்குப் போட்ட பிறகு, அங்கே அடைபட்டிருந்தவர்களின் பெயர்ப் பட்டியல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் பெயரைக்கூட மறைத்து வைத்தார்கள். முகாம் இன்னும் மூடப்படவில்லை, உண்மைதான். ஆனால் அந்த ஏடு இல்லையென்றால் எதைக் காட்டி வாதாடியிருப்பார்கள்?

நம்மையும் சொல்லிவிடுகிறேன். 1971 டிசம்பரில் வங்கதேசப் போரின் முடிவில் டாக்காவில் சரணடைந்த பாகிஸ்தான் தரப்பினர் ஏறத்தாழ 93,000 பேரை, அவர்களில் குடிமக்களும் உண்டு, இந்தியா பொதுவாக நன்றாகவே நடத்தியது. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி விடுவிக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தம். கடைசிக் கைதி வாகா எல்லையைக் கடந்தபோது 1974 ஏப்ரல் ஆகிவிட்டது. வங்கதேசத்தின் சம்மதம் வேண்டும் என்று நாம் சொன்ன காரணத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. அவர்களைப் பேரப்பொருளாகவும் வைத்திருந்தோம்.

இனி உங்கள் பெரிய அப்பாருவைப் பற்றி. சிங்கப்பூரில் பிடிபட்ட இந்திய வீரர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராத ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றி நியூ கினி பக்கம் வேலைக்கு அனுப்பினார்கள். போருக்குப் பின் நடந்த விசாரணைகளில், இவர்கள் போர்க்கைதிகளே அல்ல, தங்கள் துணைப்படையினர் என்று ஜப்பானியர் தரப்பு வாதாடியது. இங்கும் பெயர்தான்.

சிங்கப்பூரில் கிராஞ்சி என்ற இடத்தில் உள்ள நினைவுச் சுவர்களில், கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் இந்தியர்கள் ஏராளம். அந்த மணியார்டர் துண்டில் அவருடைய படைப்பிரிவின் பெயரோ படை எண்ணோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு எண் கிடைத்தாலும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம்.