பிட்ஸ்பர்க்கில் நாற்காலியைத் தொடாதீர்கள்

தம்பி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வேலை கிடைத்திருக்கிறது, "இரும்பாலை மூடி அழுது வடியும் ஊராமே, வரலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்க.

நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. ஆலைப் புகையால் பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்த ஊர்தான் இது. 1980-களில் ஆலைகள் வரிசையாக மூட, வேலை தேடிக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். 1950-ல் கிட்டத்தட்ட 6.8 லட்சம் பேர் இருந்த நகரில் இப்போது 3 லட்சம்தான். இரும்புக் கம்பெனிக்காகக் கட்டிய 64 மாடிக் கட்டடத்தின் உச்சியில் இன்று ஓர் ஆஸ்பத்திரிக் குழுமத்தின் பெயர். சோறு போடுவது இப்போது அதுவும் பல்கலைக்கழகங்களும்தான்.

வீம்பு மட்டும் குறையவில்லை. ஊர்ப் பெயரின் கடைசி 'எச்' வேண்டாம் என்று 1891-ல் மத்திய அரசு வெட்டியது. விடாமல் மல்லுக்கட்டி 1911-ல் திரும்ப வாங்கினார்கள்!

என் முதல் பனிக்காலத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்தால் தெரு முழுக்கப் பனி. ஓர் இடம் மட்டும் தரை தெரிய வழித்திருந்தது. நடுவில் பின்னல் அறுந்த மடக்கு நாற்காலி. யாரோ தூக்கிப் போட்ட குப்பை என்று ஓரமாகத் தள்ளிவிட்டு வண்டியை நிறுத்தினேன். காலையில் பார்த்தால் கண்ணாடி தெரியாத அளவுக்கு என் கார் மேல் பனியை அள்ளிக் கொட்டியிருக்கிறது. எதிர்வீட்டுப் பாட்டிதான் விளக்கினார்: வழித்தவருக்கே இடம், நாற்காலிதான் துண்டு போட்ட அடையாளம். சட்டத்தில் இதற்கு இடமில்லை, ஆனால் தெருவில் யாரும் மீற மாட்டார்கள். அதே பாட்டி அன்று தன் மண்வெட்டியையும் கொடுத்தார்.

கோயிலுக்குக் கவலை வேண்டாம். பென் ஹில்ஸ் என்ற புறநகரில் ஒரு குன்றின்மேல் 1970-களில் கட்டிய வெங்கடேசப் பெருமாள் இருக்கிறார், புளியோதரையும் உண்டு.

வீடு பார்க்கும்போதுதான் கவனம். மூன்று ஆறுகளுக்கு நடுவே எல்லாம் மேடு பள்ளம். மலைமேல் குடியிருந்த தொழிலாளிகள் ஆலைக்கு இறங்கிப் போன படிக்கட்டுகள் எழுநூறுக்கு மேல் இன்னும் இருக்கின்றன. வரைபடத்தில் அவற்றில் சிலவும் தெருவாகத்தான் தெரியும். ஆபீஸ் அரை மைல்தான் என்று வீட்டுக்காரர் சொன்னால், நடுவில் எத்தனை படி என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.