கலை வரலாறு படிக்காதவர் அருங்காட்சியகத்தின் ஒருநாள் வகுப்புக்குப் போனால் ஏதாவது புரியுமா?

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பொதுமக்களுக்காக நடத்தும் கலை, வடிவமைப்பு வரலாற்று வகுப்புகளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். உள்ளே போவதற்கே காசு வேண்டாத இடத்தில் டிக்கெட் வாங்கி ஒரு முழுநாள் உட்காருவது தேவையா என்பதும் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது.

நான் வணிகவியல் படித்தவன். திருப்பூரில் பதினோரு ஆண்டுகள் சாயப்பட்டறைக்கும் ஏற்றுமதி அலுவலகத்துக்கும் நடுவே அலைந்துவிட்டு, வேலை நிமித்தமாக இங்கிலாந்து வந்தேன். வந்த இரண்டாம் ஆண்டு, இந்தியத் துணிகளைப் பற்றிய ஒருநாள் வகுப்புக்குப் போனேன். முதல் ஒரு மணி நேரம், தப்பான கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்தவனைப் போல இருந்தது. முக்கால்வாசிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள்; எல்லோரும் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக வந்திருந்தார்கள். பேசப்பட்ட பெயர்களில் பாதி எனக்குப் புதியவை.

பிறகு திரையில் ஒரு கட்டில் விரிப்பு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணி. நம் ஊரில் சீட்டித் துணி என்போமே, அதன் ராஜ பரம்பரை. பாறை மேட்டிலிருந்து வளைந்து எழும் ஒரு மரம், அதில் ஊரில் இல்லாத பூக்கள். சிவப்பு நேற்று முக்கியெடுத்தது போல இருந்தது. ஆனால் இலைகள் எல்லாம் நீலம்.

'இலைகள் ஏன் நீலமாக இருக்கின்றன?' என்று வகுப்பெடுத்த அம்மையார் கேட்டார். கற்பனை என்றார் ஒருவர். ஐரோப்பியர் ரசனைக்காக என்றார் இன்னொருவர். எனக்குக் கை தானாக உயர்ந்துவிட்டது. 'மஞ்சள் ஓடிவிட்டது' என்றேன். ஷேட் மாறிவிட்டது என்று திரும்பி வந்த பச்சைத் துணி மூட்டைகளை எத்தனை பார்த்திருப்பேன்!

அதுதான் விடை. அவுரி நீலத்தின் மேல் மஞ்சளைத் தூரிகையால் பூசித்தான் அன்று பச்சை நிறம் கொண்டுவந்தார்கள். அவுரி நின்றுவிட்டது, செடியிலிருந்து எடுத்த மஞ்சள் வெளிச்சத்தில் வெளிறிப் போய்விட்டது. சிவப்பின் கதையோ வேறு. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். கடுக்காய் அடுத்து வருவதைப் பிடித்து நிறுத்தும். பாலின் கொழுப்பு கோடு கசியாமல் காக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர், கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்பு ஊறிய காடி. பிறகு சாயவேர்க் கொதிநீரில் போட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைக் கவ்விக்கொள்ளும். நம் கடற்கரை மணலில் விளையும் இம்பூறலின் வேர்தான் அந்தச் சாயவேர். நீலத்துக்கு, மற்ற இடங்களை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டி. இத்தனைக்கும் பிறகு பச்சைக்கு மட்டும் மேற்பூச்சா என்று எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது, போங்கள்.

மதியம் காட்சிக்கூடங்களுக்குப் போனோம். துணிகள் இருக்கும் இடம் ஏன் இவ்வளவு இருட்டு என்று அதற்கு முன் பலமுறை சலித்துக்கொண்டிருக்கிறேன். பழந்துணிக்கு 50 லக்ஸ், அதாவது மங்கலான வெளிச்சமே போதும் என்பது அருங்காட்சியகங்களின் பொதுவழக்கம். அங்கே அர்தபீல் கம்பளம் என்று ஒன்று உண்டு. பாரசீகத்தில் 1539-40-இல் நெய்தது, பத்து மீட்டருக்கு மேல் நீளம். வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் பரிந்துரைத்து 1893-இல் 2,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அதன் மேல் அரை மணிக்கொரு முறை பத்து நிமிடம் மட்டும் விளக்கை ஏற்றுவார்கள். ஓடிப்போன மஞ்சளைக் காலையில் பார்த்தவனுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு கட்டிலையும் சொல்லியாக வேண்டும். டேவிட் காரிக் என்ற பெரிய நடிகரின் மனைவிக்குக் கல்கத்தா வணிகர்கள் கட்டில் திரைகளுக்கான மசூலிப்பட்டினத்துச் சீட்டியைப் பரிசாக அனுப்ப, 1775-இல் சுங்கத்தார் அதைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். காரிக் அதிகாரிகளுக்கு எழுதிக் கெஞ்ச வேண்டியிருந்தது. காரணம் பழையது. நம் துணியோடு போட்டிபோட முடியாத உள்ளூர் நெசவாளர்கள் 1719-இல் லண்டன் தெருக்களில் சீட்டி உடுத்திய பெண்களின் ஆடைகளைக் கிழித்திருக்கிறார்கள். 1721-இல் உடுத்தவே தடை போட்டார்கள். ஆனால் பணக்காரர் படுக்கையறைக்குள் எந்தச் சட்டம் எட்டிப் பார்த்தது? அந்தக் கட்டில் இப்போது அருங்காட்சியகத்தில், அதே துணித் திரைகளோடு நிற்கிறது.

இதே நாடு 1866-இல் 700 இந்தியத் துணித் துண்டுகளை வெட்டி, 18 தொகுதிகளாக ஒட்டி, இருபது படிகள் தயாரித்தது. இந்தியர் எதை வாங்குவார்கள் என்று மில்காரர்கள் தெரிந்துகொள்ளத்தான். படிப்பு என்பது இங்கே ஆரம்பத்திலிருந்தே வியாபாரத்தோடு கைகோத்தது. 1852-இல் இந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கிய ஹென்றி கோல், மோசமான வடிவமைப்பு எது என்று காட்டவே ஓர் அறையை ஒதுக்கியிருந்தார். தங்கள் சரக்கை அங்கே கண்ட உற்பத்தியாளர்கள் கொதித்துப்போய் அதை மூடவைத்தார்கள் என்று கேட்டபோது, வாய்விட்டுச் சிரித்தவன் நான் ஒருவன்தான். வாடிக்கையாளர் நிராகரித்த சட்டைகளை ஒரு காலத்தில் எங்கள் அலுவலகச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஆகவே போங்கள். வெறுமனே சுற்றினால் ஒரு பொருளுக்கு நான் அரை நிமிடம் கொடுப்பேன். அன்று ஒரு விரிப்புக்கே முக்கால் மணி நேரம் போயிற்று. டிக்கெட் அதற்குத்தான். வசதியான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், பென்சில் கொண்டுபோங்கள்; பழம்பொருள் அருகே பேனா எடுத்தால் யாராவது ஓடி வருவார்கள். முன்கூட்டியே புத்தகம் புரட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

சாயத் தொழிலில் இருந்ததால் உனக்கு எளிதாக இருந்தது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். அதற்காகவே அடுத்த மாதம் நாற்காலிகளைப் பற்றிய வகுப்புக்குப் பதிவு செய்திருக்கிறேன். மரவேலையில் எனக்கு இழைப்புளிக்கும் உளிக்கும் வித்தியாசம் தெரியாது.