சுருட்டுப் பெட்டி: வாசகர் கேள்விகளுக்கு ஒரு கப்பல்காரரின் பதில்கள்

துபாயிலிருந்து வந்த மச்சான் ஒரு ஹ்யூமிடாரும் (சுருட்டை ஈரம் குன்றாமல் வைக்கும் பெட்டி) ஒரு கட்டுச் சுருட்டும் கொடுத்தான். கூட வந்த தாளில் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும், ஸ்பாஞ்சில் தண்ணீர் விடு என்று போட்டிருந்தது. அப்படியே செய்தேன். மழைக்காலம் முடிவதற்குள் மேலிலையில் வெள்ளைப் பூஞ்சை. எங்கே தப்பு, அண்ணாச்சி?
*– வாசகர், குளச்சல்*

தப்பு உங்களிடம் இல்லை, தம்பி. அந்தத் தாள் குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதியது. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று வறண்டுபோகும், சுருட்டு தொட்டாலே உதிரும். அதனால் ஈரம் கொடு, ஈரம் கொடு என்கிறார்கள். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மழை இல்லாத நாளிலும் கடல்காற்று விடுவதில்லை. குமரி மாவட்டத்தில் சுருட்டு காய்ந்து கெடுவதைவிட ஈரத்தில் கெடுவதுதான் அதிகம். நான் இந்தப் பகுதியில் எந்தக் கேள்விக்குப் பதில் எழுதினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பேன்.

ஸ்பாஞ்சை எடுத்துப் போடுங்கள். இருவழி ஈரப்பத பாக்கெட் என்று கிடைக்கிறது. ஈரம் கூடினால் இழுத்துக்கொள்ளும், குறைந்தால் விடும். 65, 69, 72 என்று ஈரப்பத சதவீதத்தை எண்ணாகப் போட்டு வரும். நமக்கு 65 போதும். பூஞ்சை மேலிலையில் மட்டும் இருந்தால் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிடலாம். பற்றவைக்கும் முனையில், உள்ளிலைக்குள் இறங்கியிருந்தால் அந்தச் சுருட்டைத் தூர எறிந்துவிடுங்கள்.

பெட்டியோடு வந்த ஹைக்ரோமீட்டரையும், அதாவது ஈரப்பதம் காட்டும் அளவியையும், அப்படியே நம்பாதீர்கள். நான் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். சோதிக்காத அளவி காட்டும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யமாட்டேன். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. நம் புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பைப் பொடித்து ஒரு பாட்டில் மூடியில் போடுங்கள். சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோல ஆக்குங்கள், கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் அளவியையும் ஒரு ஜிப் கவரில் அடைத்து ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் அளவி ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று பொருள்.

சுருட்டில் குண்டூசி குத்தினாற்போல ஓட்டை. பெட்டியின் அடியில் பழுப்புத் தூள். ஒரு சின்ன வண்டையும் பார்த்தேன்.
*– வாசகர், மார்த்தாண்டம்*

வீட்டில் மல்லியிலும் மிளகாயிலும் மஞ்சளிலும் விழுமே, செம்பழுப்பு நிறத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வண்டு, அதேதான். முட்டை பெரும்பாலும் இலையிலேயே ஒட்டி வந்திருக்கும். குளிர்ச்சியில் அது சும்மா கிடக்கும். நம் வீட்டு வெப்பம் 28, 30 டிகிரி என்றால் பொரித்துப் புழுவாகி உள்ளே துளைத்துக்கொண்டே போகும்.

ஓட்டை விழுந்ததை உடனே வெளியேற்றுங்கள். மீதி எல்லாவற்றையும் இரண்டு ஜிப் கவருக்குள் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் மூன்று நாள் போதும் என்பார்கள், நான் ஒரு வாரம் விடுவேன். பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், அப்புறம்தான் அறைக்கு. அறையின் சூடு ஏறும்வரை கவரைப் பிரிக்கவே கூடாது. நம் ஊரில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரமும் உள்ள நாளில், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் காற்றிலுள்ள நீர் துளித்துவிடும். அவசரப்பட்டுப் பிரித்தால் மேலிலை நனைந்து உப்பி வெடிக்கும்.

பெட்டியைத் தட்டித் துடைத்து, இரண்டு நாள் காலியாக வைத்துவிட்டுத் திரும்ப அடுக்குங்கள். நிறையச் சேர்க்கிறவர்கள் ஒரு சின்ன ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கி 18 முதல் 20 டிகிரியில் வைப்பது நல்லது. கம்ப்ரசர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கம்ப்ரசர் இல்லாத வகை, வெளிவெப்பத்திலிருந்து ஓரளவுக்குத்தான் இறக்கும். சித்திரை வெயிலில் அது திணறும். அதற்குள்ளும் சுருட்டு மூடிய டப்பாவில்தான் இருக்க வேண்டும்.

நான் தச்சுவேலை செய்கிறவன். ஒருவர் ஹ்யூமிடார் கேட்கிறார். தேக்கா, அயனியா, பலாவா?
*– வாசகர், தக்கலை*

உள்பக்கத்துக்கு இந்த மூன்றுமே வேண்டாம். தேக்கின் எண்ணெய் வாடை இலையில் ஏறும். உலகமெங்கும் ஸ்பானிஷ் சீடார் என்ற பலகையைத்தான் உள்ளே ஒட்டுகிறார்கள். பெயர்தான் சீடார், மரமோ வேம்பும் மகாகனியும் உள்ள குடும்பம். அதற்கு நம் மேற்குமலையில் நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு, சந்தன வேம்பு. இளஞ்சிவப்பு, லேசு, நல்ல வாசனை. சுருட்டுப் பெட்டி செய்ய முன்பே பயன்பட்ட மரம்தான். மர டிப்போவில் ரசீதோடு கிடைத்தால் வாங்குங்கள். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பிசின் கசியக் கூடாது. கால் அங்குலம் கனத்தில் இழைத்து உள்ளே ஒட்டுங்கள். வார்னிஷ், பாலிஷ் எதுவும் உள்பக்கம் படவே கூடாது. வெளிச்சட்டம் உங்கள் விருப்பம், அங்கே தேக்கு அழகாக இருக்கும். மூடி இறங்கும்போது காற்று மெல்ல அமுங்கி இறங்கினால் வேலை சரியாக வந்திருக்கிறது.

என் சுருட்டெல்லாம் கிராம்பு மணக்கிறது.
*– வாசகர், குலசேகரம்*

மாறாமலை கிராம்பு வைத்த அலமாரியில் சுருட்டை வைத்தால் மணக்கத்தான் செய்யும். புகையிலை பக்கத்தில் எது இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். ரப்பர் ஷீட், கருவாடு, பாச்சா உருண்டை எதுவும் கிட்டே ஆகாது. உறையூர்ச் சுருட்டையும் ஹவானாச் சுருட்டையும்கூட ஒரே டப்பாவில் நான் வைப்பதில்லை. இரண்டும் தனித்தனியே நல்ல சரக்கு.

நல்ல விலை கொடுத்து வாங்கிய நிகராகுவா சுருட்டு. மாலையில் மொட்டைமாடியில் பற்றவைத்தால் பாதிக்கு மேல் கசக்கிறது.
*– வாசகர், ஆரல்வாய்மொழி*

முப்பந்தலில் காற்றாலையைச் சுற்றுகிற காற்று உங்கள் சுருட்டையும் ஊதுகிறது, தம்பி. நெருப்பு சூடேறினால் எந்த உயர்ந்த இலையும் கசக்கும். ஆடி மாதத்தில் உங்கள் ஊர் மாடி சுருட்டுக்கு இடமே இல்லை. சுவர் மறைவில் உட்காருங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். புகையை உள்ளே இழுக்காதீர்கள்.

இன்னொன்று. பற்றவைப்பதற்கு முந்தின நாளே சுருட்டை வெளியே எடுத்து வை, கொஞ்சம் காயட்டும் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வார்கள். மழைநாளில் இங்கே வெளியே வைத்தால் காயாது, இன்னும் ஈரம் குடிக்கும். சின்னக் காற்றுப்புகா டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஓர் இரவு வையுங்கள். வித்தியாசம் முதல் இழுப்பிலேயே தெரியும்.

வீட்டுக்காரர் வாரம் ஒரு சுருட்டு பிடிக்கிறார். உள்ளே இழுப்பதில்லை, அதனால் கெடுதல் இல்லை என்கிறார். உண்மையா?
*– வாசகி, நாகர்கோவில்*

உண்மையில்லை, தங்கச்சி. இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வாய்ப்பு கூடுகிறது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலைகூட இருக்கும். குறைவாகப் பிடித்தால் ஆபத்து குறையுமே தவிர இல்லாமல் போகாது. பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் பிடிக்கவே கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இதுவரை புகைக்காத யாரும் என் பதில்களைப் படித்துத் தொடங்கவும் வேண்டாம்.

காலமான அப்பாவின் பீரோவில் கியூபா சுருட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. எந்த வருடத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தம்பி பிடித்துப் பார்க்கலாமா என்கிறான்.
*– வாசகி, கன்னியாகுமரி*

பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பலகையில் தொழிற்சாலைக் குறியீடும், அதோடு மாதமும் வருடமும் முத்திரையாக இருக்கும். மிகப் பழைய பெட்டியாக இல்லாவிட்டால் மாதம் ஸ்பானிஷ் மொழியில் மூன்றெழுத்து. எனே என்றால் ஜனவரி, அகோ என்றால் ஆகஸ்ட், டிக் என்றால் டிசம்பர். அது பெட்டியில் அடைத்த தேதி. சுருட்டுக்கு வயதை அதிலிருந்துதான் எண்ணுவோம்.

புதுச் சுருட்டில் அம்மோனியா நெடி இருக்கும். மாதங்கள் போகப் போக அது அடங்கும். காரமான இலை கூடுதலாகச் சேர்ந்த தடித்த சுருட்டு வருடக்கணக்கில் மெருகேறும். மென்மையான வகை அவ்வளவு தாங்காது, சுவை வெளிறிவிடும். ஆனால் இதெல்லாம் சரியான ஈரத்தில் இருந்தால்தான். பீரோவில் சும்மா கிடந்தது மெருகேறியதாகச் சொல்ல முடியாது.

ஒன்றை எடுத்து விரலால் மெதுவாக அழுத்துங்கள். நொறுங்கினால் அவசரப்பட்டு ஈரத்தில் வைக்காதீர்கள். உள்ளிலை உப்பி மேலிலை கிழியும். காற்றுப்புகா டப்பாவில் 65 பாக்கெட் ஒன்றை, சுருட்டில் படாமல் ஓரமாகப் போட்டு, இரண்டு மாதம் விடுங்கள். ஈரம் திரும்பும். ஆவியாகிப்போன எண்ணெய் திரும்பாது, அதனால் மணம் முன்புபோல் இருக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன். வண்டு ஓட்டை இருக்கிறதா என்று முதலில் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சுருட்டு எப்படியிருந்தாலும் பெட்டியை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அடிப்பலகையைப் படமெடுத்து அனுப்பினால் அடுத்த இதழில் படித்துச் சொல்கிறேன்.