முழங்கால் அறுவைக்கு முழு மயக்கமா, முதுகு ஊசியா?

அம்மாவின் முழங்கால் மாற்று அறுவைக்கு முழு மயக்கம் நல்லதா, முதுகில் ஊசி நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. போன வருஷம் இதே அறுவைக்காக இங்கே சிங்கப்பூரில் என் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தவள், அவ்வளவுதான்.

நான் குழம்பியது இதில்தான்: தூங்க வைப்பது வேறு, வலியை அடக்குவது வேறு. புரோபோஃபோல் என்ற மயக்க மருந்து ஆளைத் தூங்க வைக்கும், வலியைக் குறைக்காது. முதுகு ஊசி இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கும், ஆனால் விழிப்பு இருக்கும். "எலும்பை அறுக்கிற சத்தம் கேட்குமேடி" என்று அம்மா பயந்தார். முதுகு ஊசியோடு டிரிப்பில் கொஞ்சம் புரோபோஃபோலும் கொடுத்தார்கள். உள்ளே குறட்டை விட்டாராம்! முழு மயக்கம் என்றால் தொண்டையில் குழாய் வைப்பார்கள், பிறகு வாந்தி வரலாம். முதுகு ஊசியில் ரத்த அழுத்தம் இறங்கலாம், சிறுநீர் கழிக்கச் சிரமப்படலாம். என் ஓட்டு முதுகு ஊசிக்கு.

ஆனால் அது சில மணி நேரக் கதை. மரப்பு விட்ட பிறகு வரும் ராத்திரிதான் பெரிது. தொடையில் நரம்பு புளோக்கும் (நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி) போட்டிருந்தார்கள். ("எந்த புளோக், நம்ம புளோக்கா?" என்றார் அம்மா, எங்கள் அடுக்குமாடி வீட்டு புளோக்கை நினைத்து.) கூடவே மார்ஃபின் என்ற வலி மருந்தை இறக்கும் பம்ப், கையில் ஒரு பொத்தான். வலித்தால் நோயாளியே அமுக்கிக்கொள்ளலாம். ஒருமுறை மருந்து இறங்கினால் சில நிமிஷத்துக்கு எத்தனை முறை அமுக்கினாலும் மறுபடி இறங்காது. அம்மா தொடவே இல்லை. "மருந்து பழகிப்போயிடும்" என்றார். மிஸ்ஸி (நர்ஸ்) வந்து பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால் "மூணு". கை மட்டும் கட்டில் கம்பியை விடவில்லை. இரண்டொரு நாள் மருந்துக்கு அடிமையாகிவிடுவோம் என்ற பயம் வீண். வலியை அடக்காவிட்டால் மறுநாள் எழுந்து நடக்க முடியாது.

அம்மா கண்ணயர்ந்தபோது நானே அமுக்கப் போனேன். மிஸ்ஸி தடுத்துவிட்டார். மருந்து கூடினால் முதலில் தூக்கம் வரும், தூங்குகிறவர் அமுக்க மாட்டார், அதுதான் காப்பு. பக்கத்தில் இருப்பவர் அமுக்கினால் மூச்சே அடங்கிப்போகலாம் என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

உங்கள் அம்மா பலமாகக் குறட்டை விடுபவரா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலாவதைப் பொறுத்து மார்ஃபின் மருந்தின் அளவு மாறும். இரண்டாவதைப் பொறுத்துத்தான் முதுகு ஊசி போடலாமா என்பதே.