வயித்துக்குள்ள உதைக்கற உதையும் எலும்பும்

அன்புள்ள அக்கா,

குழந்தை எலும்பு பத்தி நீங்க எழுதினதப் படிச்சேன். நான் மெக்கானிக்கல் முடிச்சிட்டு கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனி டிசைன்ல இருக்கேன், நாலு வருஷமா ஃபைனைட் எலிமென்ட்தான் வேலை, ஒரு பொருளை சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு எங்க எவ்வளவு அழுத்தம் விழுதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறது. பிறக்கறதுக்கு முன்னாடி விசை பட்டு எலும்பு எப்படி வளருதுங்கற பயோமெக்கானிக்ஸ்ல பிஎச்டி பண்ண ஆசை. "அது டாக்டருங்க வேலை, உனக்கு அங்க என்ன இருக்கு"ன்னு வீட்ல கேக்கறாங்க. எனக்கே ஒரு டவுட்டு. எலும்பு எப்படி வளரணும்னு ஜீன்லயே இருக்குல்ல, தண்ணில மிதக்கற குழந்தைக்கு லோடு, அதாவது எலும்பு மேல விழற விசை, எங்கேருந்து வருது?

ஒரு வாசகி

வணக்கம்மா,

உங்க டவுட்டுக்கே முதல்ல வரேன், அது தெளிஞ்சா வீட்டுல என்ன சொல்றதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

லோடு குழந்தையோட சொந்தத் தசையிலேருந்தே வருது. ஏழெட்டு வாரத்துலயே கரு அசைய ஆரம்பிச்சிடுது, அம்மாவுக்கு அது தெரியறதுக்குத்தான் 16லேருந்து 20 வாரம் வரைக்கும் ஆகுது. அந்த அசைவே இல்லன்னா என்ன ஆகும்னு 1962லயே டிராக்மன், கூலம்பர்னு ரெண்டு பேர் கோழி முட்டைல பாத்துட்டாங்க. அம்பு நுனில தடவற விஷம் இருக்கே, க்யூராரே, அதக் கொடுத்து கருவ அசையவிடாம பண்ணினா மூட்டெல்லாம் இறுகி பாதம் வளைஞ்சுபோன குஞ்சுதான் கிடைச்சது. இந்த மாதிரி கருவுல ரெண்டு குருத்தெலும்புக்கு நடுவுல வர வேண்டிய இடைவெளி வராம ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போறதையும் பின்னாடி பாத்தாங்க. அதாவது மூட்டு எங்க வரணும்னு ஜீன் சொல்லிடுது, ஆனா அது மூட்டாவே நிலைக்கறதுக்கு அசைவும் வேணும். மனுஷக் குழந்தைங்கள்லயும் பல மூட்டு இறுகிப் பிறக்கறது உண்டு, ஆர்த்ரோகிரிபோசிஸ்னு சொல்வாங்க, சுமார் 3000 பிறப்புக்கு ஒண்ணு, வயித்துக்குள்ள அசைவு குறையறதுதான் அதுல பொதுவா இருக்கற விஷயம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எலி விஷயம். தசையே உருவாகாத எலிக்கரு இருக்கு, ஜீன்ல மாத்தம் உள்ளது. தசை இல்லன்னா எல்லா மூட்டும் ஒரே மாதிரி கெடணும் இல்லையா, ஆனா முழங்கை மூட்டு போயிடுது, முழங்கால் மூட்டு நல்லாவே வந்துடுது. ஏன்? அயர்லாந்துல டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல நீவ் நௌலன்ங்கற பயோ இன்ஜினியரும் அவங்க கூட வேலை செஞ்சவங்களும் 2012ல ஒரு விளக்கம் சொன்னாங்க, அம்மா எலி நடக்கும்போதும் பக்கத்துல இருக்கற குட்டிங்க இடிக்கும்போதும் தசையில்லாத இந்தக் குட்டியோட காலும் சேந்து அசையுது, கைய விட பின்னங்காலுக்கு அந்த அசைவு அதிகமாக் கிடைக்குது, அதுதான் அங்க தசையோட வேலையை ஈடுகட்டுதுன்னு. தானா அசைய முடியாத குட்டிக்கு அம்மா நடக்கற நடையே மூட்டு செஞ்சு கொடுக்குதுன்னு முதல் தடவை படிச்சப்ப நான் புத்தகத்த மூடி வெச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

அந்த நௌலனோட பிஎச்டியே கோழிக்கருவோட காலை ஃபைனைட் எலிமென்ட் மாடல் பண்ணி, ஸ்ட்ரெஸ், அதாவது உள்ளுக்குள்ள உண்டாகற அழுத்தம், எங்க எங்க விழுது, எலும்பு எங்க கெட்டியாக ஆரம்பிக்குதுன்னு ஒப்பிட்டுப் பாத்ததுதான். கைடு ரெண்டு பேர், ஒருத்தர் பயோ இன்ஜினியரிங், இன்னொருத்தங்க விலங்கியல். உங்க வீட்ல இத அப்படியே சொல்லுங்க.

அப்புறம் அவங்க லண்டன் இம்பீரியல் காலேஜுக்குப் போனாங்க. அங்க அவங்க குழு எம்ஆர்ஐல வீடியோவா எடுத்த குழந்தை உதையை வெச்சு கணக்குப் போட்டு 2018ல வெளியிட்டாங்க. உதையோட விசை 20 வாரத்துல 29 நியூட்டன், 30 வாரத்துல 47, 35 வாரத்துல இடம் நெருக்கமாகி 17க்கு இறங்கிடுது. 47ன்னா கிட்டத்தட்ட அஞ்சு கிலோ எடை, ஒண்ணரை கிலோ கூட இல்லாத குழந்தை! விசை குறைஞ்சாலும் எலும்புக்குள்ள ஸ்ட்ரெஸ் குறையாம கூடிக்கிட்டேதான் போகுது, பிறக்கற வரைக்கும் எலும்புக்கு வேலை நிக்கல.

அதே முறையில தலை கீழ திரும்பாம உக்காந்த மாதிரி இருக்கற குழந்தைங்களையும், பனிக்குட நீர் குறைவா உள்ளவங்களையும் பாத்தப்ப இடுப்பு மூட்டுக்குக் கிடைக்கற ஸ்ட்ரெஸ் கம்மியா இருந்தது. இடுப்பு மூட்டுக் கிண்ணம் சரியா அமையாம போற வாய்ப்பைக் கூட்டும்னு டாக்டருங்க ரொம்ப காலமா சொல்லிட்டு வர்ற விஷயங்கள்ல இந்த ரெண்டும் உண்டு. என் பொண்ணு அப்படி உக்காந்த நிலைல இருந்தவதான். பிறந்ததும் ரெண்டரை மாசம் காலை அகட்டி வைக்கற பெல்ட் போட்டோம், இப்ப நல்லா ஓடறா. ஆனா அந்த ரெண்டரை மாசமும் நான் என்ன தப்பு பண்ணேன், எதத் தூக்கினேன், எப்படிப் படுத்தேன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சிருக்கேன், அவ இருந்த இடம் அப்படி, கால் நீட்டி உதைக்க வழியில்லன்னு ஒருத்தர் கணக்கோட சொல்லியிருந்தா அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். அதனாலதாம்மா உங்கள மாதிரி ஆள் அங்க போகணும்னு சொல்றேன்.

ஒரு விஷயம், மத்தவங்களும் படிக்கறதால. இந்த நம்பர வெச்சு யாரும் வீட்ல கணக்குப் பாக்க வேண்டாம், குழந்தை அசைவு வழக்கத்த விட குறைஞ்சதா தோணினா காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

நீங்க இப்பவே கருவியல் பாடப்புத்தகம் ஒண்ணு எடுத்து கை கால் உருவாகற அத்தியாயத்த மெதுவாப் படிங்க. பம்புல உங்களுக்கு மெட்டீரியல் ப்ராப்பர்ட்டி கேட்டலாக்ல இருக்கும், கருவோட குருத்தெலும்பு நாளுக்கு நாள் மாறும், அதுக்கு எந்த அளவீட்ட வெச்சு மாடல் பண்றாங்கன்னு இன்டர்வியூல நீங்களே கேளுங்க. அப்ளை பண்ணிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க.

அன்புடன்,
அக்கா