விலை மாறியதை 2 நொடியில் சொன்னால் போதுமா?

கேள்வி: விற்பனைச் செயலி ஒன்றில் இரவு கூடையில் போட்டுவைத்த பொருளை மறுநாள் வாங்கினேன். பில்லில் விலை கூடியிருந்தது. கேட்டால், "விலை மாறியதைத் திரையில் அறிவித்தோமே" என்கிறார்கள். என் கண்ணில் எதுவும் படவில்லை. ஆனால் சலுகை, தள்ளுபடி என்று அதே செயலி நாள் முழுவதும் மணியடிக்கிறது. அறிவிப்புகளை அடியோடு நிறுத்திவிடலாமா?

பதில்: அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். திரையின் அடியில் ஒரு வரி வந்து தானே மறைந்திருக்கும். ஆண்ட்ராய்டில் 'டோஸ்ட்' எனப்படும் இவ்வகைச் செய்தி நிற்பது 2 நொடி; நீண்டது என்றால் 3.5 நொடி. "சேமிக்கப்பட்டது" என்று சொல்ல அது போதும். கூடுதல் பணம் கேட்பதற்குப் போதாது.

ஒழுங்காக வடிவமைத்த செயலியில், கூடையைத் திறந்ததும் மாறிய பொருளுக்கு நேராகவே பழைய விலையும் புதிய விலையும் தெரியும். நீங்கள் பார்த்து முடிக்கும்வரை அங்கேயே இருக்கும். பணம் செலுத்தும் கட்டத்தில் விலை மாறினால், புதிய தொகைக்கு உங்கள் சம்மதத்தைக் கேட்ட பிறகே மேலே நகரும். எண்ணைச் சிவப்பாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. நிறம் பிரித்தறிய இயலாதவருக்கு அது வெறும் எண்தான். பார்வையற்றவருக்கு அதுகூட இல்லை. திரைவாசிப்பான் படித்துச் சொல்லும்படி மாற்றத்தை எழுத்தில் தர வேண்டும்.

பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொண்டு, விரல் வைக்கும் நேரத்தில் வரிசை நகர்வது இன்னொரு தொல்லை. "புதியவை உள்ளன" என்று ஒரு பட்டையைக் காட்டி, நாம் தொடும்வரை காத்திருப்பதுதான் மரியாதை.

அறிவிப்புகளை அடியோடு நிறுத்த வேண்டாம். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் அறிவிப்புகளை வகை வகையாக அணைக்கலாம். போனின் அமைப்புகளில் சலுகையை மட்டும் அணைத்து, ஆர்டர் நிலவரத்தை விட்டுவையுங்கள். ஐபோனில் இந்தப் பிரிவினை பெரும்பாலும் செயலிக்குள்ளேயே இருக்கும். இரண்டையும் ஒரே வகையில் கட்டிவைத்திருந்தால், அது கவனக்குறைவு என்று நான் நம்பமாட்டேன்.

உங்கள் புகாரில் இரண்டைக் கேளுங்கள்: அந்தச் செய்தியின் வாசகம் என்ன, புதிய விலைக்கு நான் சம்மதம் தந்த பதிவு எங்கே? பொருள் இன்னும் அனுப்பப்படவில்லை என்றால் முதலில் ஆர்டரை ரத்து செய்துவிடுங்கள்.